வெண்டைக்காய்ப் பாடு

‘உலகத்திலேயே வெண்டைக்காயைச் சீட்டுக் குலுக்கி வளர்க்கும் ஒரே பள்ளிக்கூடம் எங்களுடையது. இதற்கு விழா எடுக்காதது தேசத்துக்கே அவமானம்.’ மனத்துக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு, முகத்தை மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டு, பள்ளித்தோட்டத் திட்ட அதிகாரியிடம் தேநீரை நீட்டினேன்.

தலைமையாசிரியர் கண்ணப்பன் விளக்கிக்கொண்டிருந்தார். ஏரியில் இன்று யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை இங்கே சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதையே சார் தோட்டத்துக்கும் கொண்டுவந்தார். பாத்தி தினம் ஒரு பையனுக்கு. ‘உள்ளூர்ப் பண்பாடு சார்ந்த கற்றல்’ என்று பலகையும் மாட்டினார்.

பையன்கள் விதிகளை மிகுந்த பொறுப்புடன் கடைப்பிடித்தார்கள். இளவழகன் தன் பாடு வந்த அன்று பிஞ்சுகளை எல்லாம் பறித்துவிட்டான்.

"இன்னாடா இது? ரெண்டு நாள் வுட்டா காயாயிருக்குமே?"

"நாளிக்கு வரதன் பாடு டீச்சர். அவனுக்கு எதுக்கு வுடணும்?"

மறுநாள் வரதனுக்குப் பூ கிடைத்தது. அடுத்தவனுக்கு இலை. கணக்குப் பாடத்தில் கழித்தல் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. தண்ணீர் ஊற்றுவது பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் பாடு கிடையாது. பண்பாட்டில் கைவைக்க முடியுமா?

பாத்திகள் மொட்டையாகிவிட்டன. சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரே ஒரு செடி காய்த்து நின்றது. ஐந்தாம் வகுப்பு மஞ்சு ஊன்றியது. பாத்திக்கு வெளியே இருந்ததால் யாரும் தொடவில்லை.

அதிகாரி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"திட்டம் வெற்றி! இது தொடர்ந்து நடக்கணும் சார்."

"நாளைக்கே பாடுல சேர்த்துடறேன். டீச்சர், பசங்க பேர சீட்டுல எழுதுங்க."

மஞ்சு ஓடிவந்து செடியை மறைத்து நின்றாள். "இது முத்தட்டும் டீச்சர். அடுத்த வருசத்துக்கு வெத எடுக்கணும்."

"இவ பேரையும் எழுதலாமா சார்?" என்றேன்.

"பொண்ணுக்கு இன்னாத்துக்குப் பாடு?" கண்ணப்பன் சார் சிரித்தார். "இவங்க அம்மாவே ஏரில எறங்கி கையாலதான் எறா தடவுது. அதுக்கு எவன் பாடு குட்தான்?"

வழக்கமாக இந்த இடத்தில் நானும் சிரிப்பேன். உதடுகூடத் தயாராக இருந்தது. அதிகாரி படமெடுக்கப் போனை உயர்த்திக் காத்திருந்தார்.

பேனாவை மூடினேன்.

"நான் எழுதல சார். இந்தப் பள்ளிக்கூடத்துல வெதைக்குனு ஒரு காய வுட்டது இவ ஒருத்திதான். நாம எல்லாம் பறிச்சவங்க."