இரண்டு ஜன்னல்களும் திறந்திருப்பது பற்றி பெர்சிதா அக்காவுக்கு

கிகிந்தா,
வியாழக்கிழமை, பிற்பகல்.

அன்பும் மரியாதையுமாக பெர்சிதா அக்காவுக்கு உன் தம்பி வுகாஷின் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தான் ஒருவழியாக உப்பைக் குறைத்திருப்பார், பிரோத்தில் இந்நேரம் மிளகாய் சுட்டுத் தோல் உரிக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். மற்ற நலங்களை விசாரிக்கப் பொறுமையில்லை, செய்திக்கு வருகிறேன்.

உறுதியான புதிய செய்தி இது: உன் மகள் நெவெங்கா நன்றாக மூச்சு விடுகிறாள். சொன்னவர் நுரையீரல் மருத்துவர் ராதிங்கா. இன்று காலை, என் முகத்துக்கு நேராகச் சொன்னார். இரண்டாவது ஆதாரம் நெவெங்காவேதான். மருத்துவமனைப் படிகளில் இறங்கும்போது என்னைத் திட்ட ஆரம்பித்தவள் தெருமுனை வரை ஒருமுறைகூட மூச்சு வாங்க நிற்கவில்லை. முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவன் சொல்கிறேன், இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் கணக்காளர் லூபிங்கா செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் செய்து, "பொண்ணு குறுக்குக் காத்துல அடிபட்டு விழுந்துட்டா" என்று சொன்னதாகவும், ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து அவளைக் கையோடு அழைத்துப் போய் உன் நாத்தனாரின் திரைச்சீலைக் கடையில் உட்கார வைக்கப் போவதாகவும் அறிந்தேன். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். மாலை பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுவேன். லூபிங்கா சொன்னதில் பாதி சரி. பெண் விழுந்தாள். ஆனால் குறுக்குக் காற்று அடித்ததால் இல்லை அக்கா, அடிக்காததால்.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தை நீ பார்த்திருக்கிறாய்: ஒரு பக்கம் தெரு ஜன்னல், எதிர்ப் பக்கம் முற்றத்து ஜன்னல். ஒன்றைத் திறந்தால் மற்றதைச் சாத்த வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருந்ததில்லை. ப்ரோமாயா என்னும் அந்தக் குறுக்குக் காற்று பிடித்தால் சிறுநீரகம் போகும், முகம் கோணும், பல் ஆடும் என்று நீயும் நானும் பால் குடிக்கும் வயதிலேயே கேட்டவர்கள்தானே. முன்பெல்லாம் அந்தப் பழக்கம் சரிப்பட்டு வந்தது. அப்போது செப்டம்பர் செப்டம்பராக இருந்தது. இப்போது கம்பளிச் சட்டை எடுக்க வேண்டிய மாதத்தில் தார் உருகுகிறது. மே மாதம் ஒரு வாரத்து மழை ஒரே மதியத்தில் கொட்டி, மேல்தளம் ஒழுகி, அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. அம்ப்ரோசியா களை உறைபனிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, அது வராததால் இன்னும் மகரந்தத்தை அள்ளி வீசிக்கொண்டிருக்கிறது. காய்ந்த வயல்களில் அறுவடை முடிந்த தாளுக்கு வைக்கும் தீ ஊருக்குள் புகையாக வருகிறது. இவ்வளவுக்கும் நடுவில் முதலாளி மனமிரங்கி ஒரு ஏசி வாங்கி மாட்டினார். நாங்கள் இரண்டு ஜன்னல்களையும் சாத்தி, இடுக்கில் ஒட்டுநாடாவும் ஒட்டினோம்.

அந்த ஏசி வெளியிலிருந்து ஒரு மடக்குக் காற்றைக்கூட எடுப்பதில்லை, நாங்கள் விட்ட மூச்சையே குளிர வைத்து எங்களுக்கே திருப்பித் தருகிறது என்று கண்டுபிடித்தவள் நெவெங்கா. ஆனால் குளிர்காற்று கழுத்தில் படலாமா? லூபிங்கா கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் ஸ்வெதோசார் பழைய நாட்காட்டி அட்டைகளை ஏசி வாயில் கட்டி, காற்று யார்மேலும் படாமல் கூரையைப் பார்த்துப் போகும்படி செய்தார். கூரைக்கு நல்ல குளிர்ச்சி. பூஞ்சைக்கும்.

நெவெங்கா காற்றை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி மேசைமேல் வைத்தாள். பச்சை என்றால் நல்ல காற்று, மஞ்சள் என்றால் ஜன்னலைத் திற, சிவப்பு என்றால் எழுந்து ஓடு. சொருகியதும் சிவப்பாக எரிந்தது. பிறகு அது வேறு நிறம் காட்டவே இல்லை.

"கெட்டுப்போன சாமானைத் தலையில கட்டிட்டாங்கடி உனக்கு," என்றாள் லூபிங்கா.

"சாமான் நல்லாத்தான் இருக்கு அக்கா. நாமதான் கெட்டுப்போயிருக்கோம். மதியத்துக்கு மேல எல்லாருக்கும் தலை வலிக்குதுல்ல? நேத்து மாமா மேயர் படத்துக்கடியில கால்நடைச் சந்தை விலைப்பட்டியலைப் போட்டாரு. ஏன்னு நினைச்சீங்க?"

"அவன் எப்பவும் அப்படித்தான். அந்தச் சிவப்பைப் பாத்துப் பாத்து எனக்குல்ல ரத்த அழுத்தம் ஏறுது!" என்று சொல்லி லூபிங்கா தன் கைக்குட்டையைக் கருவிமேல் போர்த்தினாள். அறையில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் நெவெங்கா நாற்காலியிலிருந்து சரிந்தாள். உதடு நீலம். மூச்சு விசில் மாதிரி வருகிறது. அக்கா, இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. நாங்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். அவளிடம் அல்ல, நடைபாதைக் கதவிடம். விழுந்து கிடக்கும் பெண்மேல் காற்றடித்துவிடக் கூடாது என்று கதவை இழுத்துச் சாத்தினோம்! அவள் தரையில் கிடந்தபடியே கையிலிருந்த மூச்சு மருந்துக் குழலால் ஜன்னலைக் காட்டினாள்.

"சாத்தித்தாண்டி கண்ணு இருக்கு, பயப்படாதே!" என்று லூபிங்கா தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள்.

நெவெங்கா கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ சின்ன வயதில் என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை. என் கை தானாக ஓடியது. ஒட்டுநாடாவைக் கிழித்து தெரு ஜன்னலைத் திறந்தேன், முற்றத்து ஜன்னலைத் திறந்தேன், கதவைத் திறந்தேன். அக்கா, அடித்தது பார் ஒரு காற்று! முதல் பக்கம் பறந்தது, மூன்றாம் பக்கம் பறந்தது, நாட்காட்டி அட்டைகள் பறந்தன, கருவிமேல் கிடந்த கைக்குட்டை பறந்தது. லூபிங்கா சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. அவ்வளவு பேரும் கால்பந்தில் கோல் விழுந்தது மாதிரி கத்தினோம். நெவெங்கா எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "முதல் பக்கம் எங்க?"

நேற்று சுகாதார நிறுவனத்திலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். பெயர் கோஸ்டாதின், மெலிந்த மனிதர், நல்ல பேச்சு. பூஞ்சையைச் சுரண்டி எடுத்துக்கொண்டார். "வெளியே பருவம் மாறிப்போச்சு, நீங்க உள்ளே இன்னும் பழைய பருவத்துலயே இருக்கீங்க," என்றார். காற்று தெளிவாக இருக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். புகையும் மகரந்தமும் வரும் நேரத்தில் வடிகட்டி உள்ள இயந்திரம் வழியாகப் புதுக் காற்றை உள்ளே எடுக்க வேண்டும். குறுக்குக் காற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அது வெறும் பயம் என்று தெளிவாக விளக்கினார். விளக்கிக்கொண்டே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார். பிறகு மெதுவாக, "அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்துறீங்களா? கழுத்துலயே அடிக்குது," என்றார்.

"அப்படிக் கேளுங்க சார்!" என்று லூபிங்கா எழுந்து நின்று கைதட்டினாள். நெவெங்கா கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மனிதர் சிவந்துபோய், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கதவு திறந்தே இருந்தது.

இன்று காற்று வடக்கிலிருந்து வருகிறது, புகை இல்லை. இதை எழுதும்போது எங்கள் அறையில் இரண்டு ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. யாருக்கும் முகம் கோணவில்லை. ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை வராதே. இந்த ஊரில் பத்திரிகைப் பக்கம் கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அந்த வேலையில் அவளுக்கு இருக்கும் ஆசையை நீயும் அறிவாய். திரைச்சீலை அளந்துகொண்டு அவள் இருக்கமாட்டாள். ஆனால் கேட்டால் பிடி கொடுக்கவில்லை. "இந்த ரூம் மாறுதான்னு பாக்கறேன் மாமா. மாறலைன்னா அம்மாகூட போயிடுவேன். எனக்கு நுரையீரல் ஒரு செட்டுதான் இருக்கு," என்கிறாள்.

நிலுவையில் இருப்பவை: பூஞ்சை பற்றிய அறிக்கை, நாளை நண்பகல் வரும் என்று நிறுவனம் சொல்கிறது. வடிகட்டி இயந்திரம் பற்றி முதலாளியின் பதில், நாளை மாலை. நெவெங்காவின் முடிவு, அதற்குப் பிறகு. மூன்றையும் உறுதி செய்து நானே போன் செய்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் மிளகாய்ப் புகையைத் தவிர வேறு புகை வராமல் இருக்கட்டும்.

உன் தம்பி,
வுகாஷின்

பின்குறிப்பு, அதாவது திருத்தம்: இரண்டு ஜன்னல்களும் திறந்திருப்பதாக மேலே எழுதியது தவறு. கடிதத்தை மடிக்கும்போது நெவெங்கா வந்து, "கருவி ஏன் மஞ்சள்ல இருக்கு? முற்றத்து ஜன்னலைச் சாத்தினது யாரு?" என்று கேட்டாள். நான் லூபிங்காவைப் பார்த்தேன். "என்னை ஏன்பா பாக்கறே? காகிதம் பறக்குதுன்னு எழுந்து போய்ச் சாத்திட்டு வந்து, 'யாருக்கும் முகம் கோணலை'ன்னு எழுதிக்கிட்டு இருந்தே," என்றாள் அவள். எனக்கு எதுவும் நினைவில்லை. அறையில் மறுப்பவர்களும் யாருமில்லை.

நிலுவையில் வைத்த மூன்றாவது செய்தியும் தவறு, அது முடிந்துவிட்டது. நெவெங்கா ஜன்னலைத் திறந்து, தன் மேசையை இழுத்து எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு? நான் எங்கயும் போகல. நான் போனா ஒரே மாசத்துல நீங்க எல்லாரும் இங்கயே ஊறுகாயாயிடுவீங்க." வராதே என்று உனக்கு எழுதியதையும் திருத்தட்டுமா என்று கேட்டேன்.

"அம்மா தாராளமா வரட்டும். ஜன்னல் பக்கம் மட்டும் போகக் கூடாது."