பதினாறைப் பதினான்காக்கியவர்

ஒழுங்காக ஓடுகிற எதையும் ஓடவிடாத ஓர் இனம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில், எங்கள் தெருவில், அதன் பிரதிநிதி பக்கத்து வீட்டு டகல். கம்ப்யூட்டருக்குள் ரேம் என்று ஒரு நினைவகப் பட்டை இருக்கிறதல்லவா, கேட்டதை எடுத்துத் தருவதற்கு முன் அது எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்று அதைச் செய்தவனே கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறான். பதினாறு என்கிறான். ஆனால் மூன்று வீடியோ பார்த்துவிட்ட மனிதருக்குச் செய்தவன் எம்மாத்திரம்? பதினான்கு போதும் என்று தோன்றிவிடுகிறது.

தோன்றிய பிறகு வீட்டில் வேறு யாரும் கம்ப்யூட்டரை நெருங்க முடியாது. எண்ணைக் குறைப்பார், திரை கறுக்கும், ஒன்று கூட்டுவார், சோதனையை ஓடவிடுவார், அது எட்டு மணி நேரம் ஓடிப் பிழை ஒன்று என்று சொல்லும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஜூலைக் குளிரில் ரேம் சூடாகிவிடக் கூடாதென்று ஜன்னலைத் திறந்துவைத்து, தான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீ குடிக்கப் போனால் டீ வராது. வரைபடம் வரும்.

"பாத்தியா மச்சான், நூத்துக்கு ரெண்டு வேகம் கூடியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது. அளந்தாதான் தெரியும்."

இத்தனைக்கும் அவர் அதில் வானிலை பார்ப்பார், அவ்வளவுதான். அதை நம்பியிருந்தவர் அவர் மனைவி ரோவீனா. நாற்பத்தாறு வயதில் நர்ஸ் படிப்பு, கடைசித் தேர்வு, வீட்டிலிருந்தே எழுதலாம். ஜனவரியில், நாற்பத்தோரு டிகிரி கொளுத்திய மதியம், பதினேழாவது கேள்வியில் திரை நீலமாகி உறைந்தது. டகலோ மனைவியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"குளிர்ல நல்லாத்தானே ஓடிச்சு? நீ ரொம்ப வேகமா டைப் அடிச்சிருப்பே."

கல்லூரி ஒரே ஒரு மறுவாய்ப்புக் கொடுத்தது. அதுவும் போனால் ஒரு வருடம் போயிற்று.

"பழையபடி வெச்சிடு டகல், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"இன்னும் ஒரே ஒரு நம்பர் ரோ. அப்புறம் கல்லு மாதிரி நிக்கும்."

தேர்வன்று காலை அவர் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் விளையாடக் கிளம்பியதும், ரோவீனா என்னை டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். டகல் ஒருநாளும் பிரிக்காத கையேட்டைப் பிரித்து, மின்சாரத்தைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, உள்ளே காசு போல் இருந்த பேட்டரியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் போதும், திருகிய எண்களெல்லாம் மறந்து கம்ப்யூட்டர் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று போட்டிருந்தது. வைக்க இடம் தேடியவர் அதைச் சமையலறைத் தராசில் வைத்தார்.

"மூணு கிராம்" என்றார். "ஆறு மாச உழைப்பு."

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டினோம். தேர்வு ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. ரோவீனா தேறிவிட்டார்.

விருந்தில் டகல் என் தோளில் கைபோட்டார். "எல்லாம் நான் வெச்ச நம்பர், மச்சான். இப்பல்லாம் அளக்கவே வேணாம், கண்ணுக்கே தெரியுது."

ரோவீனா வாய் திறக்காமல் லாமிங்டன் கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நானும் ஒன்று எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும், நீங்கள் கைவைத்த பிறகு ஏதோ ஒன்று அற்புதமாக ஓடுகிறதா? நல்லது. அதைப் பற்றி நீங்கள் பெருமையாகப் பேசும்போது யாராவது பேசாமல் தட்டை நகர்த்துகிறார்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.