மாமியார் குடையால் முதலையைத் தட்டியவன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றை "இதுதான்" என்று சொல்லிவிட்டால், ஆண்டவனே இறங்கி வந்து இல்லை என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். (இதற்கு என் மனைவி கலா வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.)

ஜோகுபாளையத்தில் சின்ன அளவில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கல்யாணமான புதிதில், மாமனார் ஈஜிபுராவில் இருந்த தன் பழைய வீட்டை இடித்துக் கட்ட முடிவு செய்தார். வேலையை என்னிடம் கொடுப்பதா, வெளியாளிடம் கொடுப்பதா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார். இந்த வீட்டை நான்தான் கட்டுவேன் என்று மனதுக்குள் சபதமே போட்டிருந்தேன். அவர் மனதில் இடம்பிடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மாமியாரையும் கலாவையும் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன்.

வாசலிலேயே, போட்டோ எடுத்துக்கொள்வதற்காக ஒரு சிமெண்ட் முதலை வாயைப் பிளந்து கிடந்தது. விரலால் தட்டினேன். டொள் டொள் என்றது.

"உள்ள கூடா இருக்கு மாமா. பூச்சு சரியா புடிக்கல" என்றேன்.

(எங்கள் தொழிலில் பூச்சை இப்படித்தான் சோதிப்போம். கெட்டியாக இருந்தால் டொக், கூடாக இருந்தால் டொள்.) மாமனார் மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். பாதி வீடு கைக்கு வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

உள்ளே முதல் தொட்டியில், சுவரை ஒட்டிய மேட்டில் இன்னொரு முதலை, அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கால் மணி நேரம் நின்றோம். அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இதுவும் சிமெண்ட்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். "ஆனா இது நல்ல மேஸ்திரி கை. செதில் செதிலா எப்படி இழைச்சிருக்கான் பாருங்க!"

"எனக்கென்னமோ உசுரோட இருக்கற மாதிரிதான் தெரியுது மாப்ள" என்றார் மாமனார்.

எனக்குச் சுருக்கென்றது. வீடு கட்டப்போகிறவனுக்குச் சிமெண்ட் தெரியாதா?

"தட்டிப் பாத்துட்டா போச்சு" என்று மாமியார் கையிலிருந்த நீளக் குடையை வாங்கினேன்.

"வேணாங்க, போர்டப் படிங்க!" என்று கலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். (சுவரில் சாயாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. மூன்றும் எனக்குப் படிக்கத் தெரியும்.)

பாதி உடம்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டு, குடை நுனியால் அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டினேன். டொக்கும் வரவில்லை, டொள்ளும் வரவில்லை. படாரென்று வாய்தான் மூடியது.

குடை உள்ளே. கைப்பிடி என் கையில். விட்டிருக்கலாம். மாமியார் குடையாயிற்றே, விடுவேனா?

"விடுங்க! விட்டுத் தொலைங்க!" என்று கலா என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ, என் தம்பி துபாய்லேர்ந்து கொண்டாந்த குடை!" என்று மாமியார் கத்தினார்.

இழுத்த இழுப்பில் கைப்பிடியிலிருந்த பட்டன் அமுங்கிவிட்டது. முதலையின் வாய்க்குள்ளேயே குடை படக்கென்று விரிய, அது மிரண்டு குடையைத் துப்பிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடியது. நான் இந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தேன். குடை மட்டும் என் கையிலேயே இருந்தது.

"ரீ சார்! ஏன் மாட்தாயிதீரா?" என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே காவலாளி ஓடிவந்தார். ஆபீசுக்கு இழுத்துப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். என்ன தொழில் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் மாமியார் சொன்னார்:

"அவருக்கு சிமெண்ட் பத்தி எல்லாம் தெரியும்."

காரில் திரும்பினோம். வீடு போச்சு என்று நினைத்தேன். மானம் அதற்கு முன்பே போயிருந்தது. ஈஜிபுராவில் இறங்கிய மாமனார் கார் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"வீட்ட நீங்களே கட்டுங்க மாப்ள. சந்தேகம்னா தட்டிப் பாக்காம விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா எது சுவருன்னு நான் காட்டறேன். அத மட்டும் தட்டுங்க."

கட்டி முடித்தேன். ஒரு விரிசல் கிடையாது. ஆனாலும் மழை நாளில் அந்த வீட்டிலிருந்து கிளம்பினால், வீட்டில் எத்தனை குடை இருந்தாலும் மாமியார் எனக்கு எடுத்துக் கொடுப்பது அந்தத் துபாய்க் குடையைத்தான். பல் பட்ட ஓட்டை நாலும் அப்படியே இருக்கின்றன. சரியாக என் உச்சந்தலையில்தான் சொட்டுகிறது.