சந்தேகத்தைச் சேமித்து வைத்தவன்

சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாமல், கிராம சேவகரின் கடிதத்தோடு அலைந்த தேயிலைத் தோட்டத்துப் பையன் நான் (பஸ்ஸில் யாராவது இருமினாலே செக்பொயிண்ட் வந்துவிட்டது என்று இறங்கத் தயாராவேன்). அந்தச் சந்தேகத்தைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுக்கப் போனதுதான் வினை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மாத்தளையில் கம்ப்யூட்டர் படித்து, சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் தற்காலிக வேலை. உள்ளே வருபவரின் விவரத்தைத் தட்டினால் 'விடு' அல்லது 'சோதி' என்று சொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதச் சொன்னார் மேனேஜர். மறுநாள் அது ஒழுங்காக ஓடினால், மாலையே வேலை நிரந்தரம்.

அட்டை எண் இல்லையென்றால் சோதி. இந்த நிபந்தனையை எத்தனை இடத்தில் எழுதுவது? ஒரு பெயர் வைத்துச் சேமித்து, கேட், ஸ்டோர், சமையலறை என எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தினேன். முதலில் அட்டை எண் இல்லாமல் என் பெயரை மட்டும் தட்டினேன். 'சோதி' என்றது. என்னைச் சந்தேகப்படுகிறதே, அப்படியானால் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.

நான் சேமித்திருக்க வேண்டியது கேள்வியை. சேமித்ததோ எனக்குக் கிடைத்த பதிலை. இனி யார் வந்தாலும் அதே பதில்தான்.

மறுநாள் காலை கேட்டைத் தாண்ட முடியாமல் மீன் லொறி நின்றது. சமையற்காரர் நின்றார். அப்புறம் மேனேஜரின் கார்.

"சேர், கொஞ்சம் இறங்குங்க," என்றார் காவலர் பண்டார, தனக்குத் தெரிந்த தமிழில். "சந்தேகம்."

"என் மேலயா?"

"எனக்கு இல்ல சேர். கம்ப்யூட்டருக்கு."

மேனேஜரின் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, பொல் சம்பலைக் குச்சியால் கிளறினார் (கடமை தவறாத மனிதர்). நான் ஓடிப்போய் நின்றேன்.

"தம்பி, இதுக்கு ஒருத்தர் மேலயாவது நம்பிக்கை இருக்கா?" என்றார் மேனேஜர்.

திரையைப் பார்த்தேன். "அப்படி ஆள் இன்னும் வரல சேர்."

மாலையில் கூப்பிட்டார். "நிரந்தரம் இன்னைக்கு இல்ல. ஆனா நான் உன் மெஷின் மாதிரி இல்ல. அடுத்த மாசம் திரும்பவும் பார்ப்பேன்."

பார்த்தார். வேலை கிடைத்தது. ஆனால் இந்தக் கதையை வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தேன். இன்றும் எங்கள் ஊர் இரத்தோட்டைக்குப் போனால், வாசலிலேயே தங்கச்சி கேட்பாள்: "அண்ணே, தேத்தண்ணி வேணுங்களா?"

அசதியில் "இப்ப வேணாம்" என்றால் தீர்ந்தது. எத்தனை நாள் தங்கினாலும் தேத்தண்ணி வராது. வாய்விட்டுக் கேட்டால் அடுப்படியிலிருந்து அம்மாதான் பதில் சொல்வார்:

"அதான் வந்தன்னைக்கே சொல்லிட்டியேப்பா. சேமிச்சு வச்சிருக்கோம்."