குப்புறக் கிடந்து நிச்சயமான கலியாணம்

மற்றவர்களுக்குக் கலியாணம் கோயிலிலோ வீட்டு விறாந்தையிலோ நிச்சயமாகும். எனக்கு நிச்சயமானபோது நான் நோர்வேயில் ஒரு பனிப்பாறையின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்தேன். வாய் நிறைய ஐஸ்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, நாடு நாடாக அலைந்து ஒஸ்லோவில் வந்து விழுந்தவன். மீன் வெட்டினேன், கோப்பை கழுவினேன், கூரைகளில் ஏறிப் பனி வழித்தேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. லில்லெஸ்ட்ரோமில் ஒரு பேக்கரியில் மட்டும் இரண்டு வருடம் நின்றேன். (காரணம் பாண் இல்லை. அங்கே வேலை செய்த வதனி.)

வதனிக்கு ஒரே அண்ணர், குகனேசன். பேர்கனில் ஆஸ்பத்திரி வேலை. அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். தகப்பன் இல்லாத குடும்பத்தில் அவர் ஓம் என்றால்தான் எதுவும் நடக்கும்.

"அண்ணை ஸ்டுடன்ட் விசாவிலை பிளேனிலை வந்து இறங்கினவர்," என்றாள் வதனி. "ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுக் காட்டுக்குள்ளாலை வந்த ஆக்களை அவருக்குக் கண்ணிலை காட்டேலாது. நீங்களும் படிக்க வந்தனான் எண்டே சொல்லுங்கோ."

"என்ன படிக்க?"

"அதைக் கேட்டால் இருமுங்கோ."

நான் வந்ததோ முழுக்க முழுக்கக் காட்டுக்குள்ளால். மொஸ்கோவில் எட்டு மாதம், பிறகு களவாக எல்லை தாண்ட உக்ரைன் காடு, பிறகு லொறியில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு நாள். என் இடது காலின் சின்ன விரல் உறைந்து அந்தக் காட்டோடு நின்றுவிட்டது. (நடக்க அது அவ்வளவு தேவையில்லை.)

தேத்தண்ணி குடித்து ஒரு மனிதனை அறிய முடியாது, மலையில் நடந்தால்தான் தெரியும் என்பது குகனேசன் நோர்வேஜியர்களிடம் கற்றுக்கொண்ட தத்துவம். தொலைபேசியில் சொன்னார்: "நீர் ஒஸ்லோவிலை இருந்து ரயிலிலை வாரும், நான் பேர்கனிலை இருந்து வாறன். நடுவிலை பின்ஸேயிலை சந்திப்பம். ஆளைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் குகை காட்டுற பயணம் ஒண்டு இருக்கு. உம்மடை படிப்பைப் பற்றியும் கதைப்பம்."

நான் இருமினேன்.

பெப்ரவரி மாதம். பின்ஸேக்கு ரயில் மட்டும்தான் வரும். இறங்கினால் வெள்ளையைத் தவிர வேறு நிறமில்லை. வழிகாட்டி மாரித் என்ற பெண்ணோடு நாங்கள் ஆறு பேர். ஒரு டேனிஷ் கணவன் மனைவி, ஒஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சென்னைக்காரர் ராகவன், குகனேசன், நான். ராகவன் வீட்டிலிருந்த உடுப்பு முழுவதையும் உடம்பில் ஏற்றி, அதன்மேல் கமெராவைத் தொங்கவிட்டிருந்தார்.

மாரித் எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டு விதிகளைச் சொன்னாள். ஒரே வரிசை. முன்னால் போகிறவர் வைத்த அடியிலேயே அடி. இடைவெளி விடக்கூடாது. கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். யாரும் தனியாக விலகக்கூடாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லுக்குச் சொல் உக்ரைன் காட்டில் எங்கள் ஏஜென்சிக்காரன் சொன்னது! அவன் தடியோடு சொன்னான், இவள் சொக்கிலேட்டோடு சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது உல்லாசப் பயணம் என்று என் தலைக்குத் தெரியும். உடம்புக்கு யாரும் அறிவிக்கவில்லை. சொக்கிலேட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காலுறைக்குள் செருகினேன். மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். எனக்குப் பின்னால் வந்த குகனேசன் ஒரு அங்குலம் பிசகாமல் என் அடியிலேயே அடி வைத்தார். படித்த மனிசனின் ஒழுக்கம் என்று வியந்தேன்.

அவருக்குப் பின்னால் வந்த ராகவன் கேட்டார்: "சார், நீங்க ரெண்டு பேரும் ஆர்மியா?"

நான் மறுபடியும் இருமினேன்.

குகையை அடைய இருட்டிவிட்டது. நெற்றி விளக்குகளின் வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் நீலம். சுவர், கூரை, எங்கள் முகங்கள் எல்லாமே. மாரித் கையைத் தூக்கினாள். "எல்லோரும் விளக்கை அணையுங்கள். ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் பனி அசையும் சத்தம் கேட்கும்."

அணைத்தோம். கும்மிருட்டு. எங்கோ பனி முனகியது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம்: என்ஜின். குகை வாசலில் ஒரு பெரிய வெளிச்சம் வளைந்து திரும்பி நேரே எங்கள் மேல் விழுந்தது.

"படு!"

கத்தியது நான்தான். என் நெஞ்சு தரையில் மோதிய பிறகுதான் கத்தியது தெரிந்தது. டேனிஷ் பெண் வீரிட்டாள். மாரித் ஏதோ கூவினாள். ராகவனின் கமெரா ஒருமுறை மின்னியது.

வந்தது எல்லைக்காவல் இல்லை. எங்களுக்குச் சூடான பழச்சாறு கொண்டு பனி ஸ்கூட்டரில் வந்த இன்னொரு வழிகாட்டி.

முடிந்தது என்று நினைத்தேன். என்னோடு சேர்த்து வதனியின் அண்ணரையும் கயிற்றில் இழுத்து விழுத்திவிட்டேன். எந்த முகத்தோடு இனிப் பெண் கேட்பது? மெல்லத் தலையைத் திருப்பினேன்.

எங்கள் இருவருக்கும் நடுவே கயிறு தளர்ந்து, சுருண்டு கிடந்தது. அதில் இழுபட்ட அடையாளமே இல்லை. அந்த மனிதர் தானாகவே விழுந்திருக்கிறார்! முகம் பனிக்குள் புதைந்திருந்தது. இரண்டு கைகளும் பிடரியில், விரல்கள் கோத்தபடி. நெற்றி விளக்கைக் கழற்றிச் சட்டைக்குள்ளேயே ஒளித்திருந்தார். இதை எந்தக் கல்லூரியிலும் படிப்பிப்பதில்லை.

வாயிலிருந்த ஐஸைத் துப்பினேன்.

"சார்," என்றது மேலேயிருந்து ராகவனின் குரல், "இது ப்ரோக்ராம்ல இருக்கா? நானும் படுக்கணுமா?"

குகனேசன் பனிக்குள்ளிருந்தே முணுமுணுத்தார். "எந்தப் பாதை?"

"உக்ரைன், அண்ணை. நீங்கள்?"

"போலந்து. ஆத்துக்குள்ளாலை."

"அப்ப ஸ்டுடன்ட் விசா?"

"உம்மடை படிப்பு மாதிரித்தான், தம்பி. வதனிக்குச் சொல்லிப் போடாதையும். அவள் அப்ப குழந்தை. பிளேனிலை போனனான் எண்டுதான் வீட்டுக்குக் கடிதம் போட்டனான்."

"சொல்லமாட்டன். கலியாணம்?"

"முதல்லை எழும்பும்."

அவர் எழுந்து பனியைத் தட்டிவிட்டு, அழகான நோர்வேஜிய மொழியில் மாரித்துக்கு விளக்கினார். இந்தத் தம்பி சறுக்கிவிட்டான், தான் பிடிக்கப் பாய்ந்தாராம். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொய்யில் நான் எட்டாம் வகுப்பு, அவர் பட்டதாரி. மாரித் அவருக்குக் கைகொடுத்து, பழச்சாறும் இரட்டிப்பாகக் கொடுத்தாள்.

ரயில் வருவதற்குள் அவர் வதனிக்குப் போன் எடுத்தார். "பொடியன் நல்லவன். சறுக்குவான், எண்டாலும் நல்லவன்."

நாங்கள் இருவரும் குப்புறக் கிடக்க ராகவன் எடுத்து அனுப்பிய படத்தை வதனி சட்டம் போட்டு, ஒஸ்லோ ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டு ஹோலில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் கதை சொல்லப்படும்: அண்ணை பாய்ந்து என்னைக் காப்பாற்றிய கதை. வருடக்கணக்காகச் சறுக்கினவன் என்ற பெயரோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பத்து வயதானபோது ஒருநாள் படத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். எனக்கு மச்சானாகிவிட்ட குகனேசன் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, அப்பாவைப் பிடிக்கத்தானே பாய்ஞ்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் ரெண்டு கையும் உங்கடை தலையிலை இருக்கு?"

மச்சான் கவளத்தைச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"குளிர்," என்றார்.

வதனி படத்தைப் பார்த்தாள், அண்ணரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் அதிர்ச்சி வந்தது, பிறகுதான் சிரிப்பு. சிரித்து முடிய நேரம் எடுத்தது. "நல்லாப் படிச்சுப்போட்டு வந்திருக்கிறியள், ரெண்டு பேரும்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உண்மை சொல்ல மனமில்லாதவர்களின் பதில் மச்சானின் அந்த ஒற்றைச் சொல்தான். வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை? குளிர். ஏன் பிந்தி வந்தாய்? குளிர். போன யூலை வெயிலில், விருந்தினருக்கென்று வதனி பொரித்து மூடி வைத்த மீன் ரோல்ஸில் ஐந்தைக் காணவில்லை.

"ஆர் எடுத்தது?"

நான் இருமினேன். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் வைத்தார்.