மூக்கு மேஸ்திரியின் கல்வாழை

கடவுள் பாதியில் விட்டுப்போன வேலையை எடுத்து முடித்துவைத்த ஒரே மனிதர், நானறிந்தவரை, ஆம்பூர் மூக்கு மேஸ்திரிதான். கல்வாழைப் பூவுக்கு இத்தனை நிறம் கொடுத்த கடவுள் வாசனை கொடுக்கவில்லையே என்று வேறு யாரும் கவலைப்பட்டதில்லை. மேஸ்திரி அதைச் சரிசெய்யக் கிளம்பினார். இத்தனைக்கும் அவருக்கு மோப்பமே கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்று நின்று மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

எல்லாம் அவர் சம்சாரத்துக்காக. அந்த அம்மாள் காவேரிப்பாக்கத்துக்காரி. ஏரிக்காற்றில் வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த வாரமே ஊர் நாற்றம் தாங்காமல் தாய்வீடு போய்விட்டார். சண்டையெல்லாம் இல்லை, மூச்சுதான் விட முடியவில்லை. வாசலில் மணக்கிற பூச்செடி ஒன்று நின்றால் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி மல்லி வைத்தார், ரோஜா வைத்தார். ஷாப்புக் கழிவுநீர் பட்டு எல்லாம் கருகின. கல்வாழை மட்டும் ஆளுயரம் வளர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் வேறு ஊரில் வேலை தேடியிருப்பார்கள்.

பாகாயத்தில் ஒரு துரை பங்களாவில் வெளிர்மஞ்சள் கல்வாழை ஒன்று பொழுது சாய்ந்ததும் லேசாக மணக்கிறது என்று கேள்விப்பட்டு, அதன் கிழங்கை வாங்கிவந்தார். கோழியிறகால் அதன் மகரந்தத்தை எடுத்துத் தம் செடியின் பூவில் தடவினார். வண்டு நுழையாமலிருக்கப் பூவுக்கு மல்துணியில் முக்காடு போட்டார். குண்டு போலிருக்கும் விதையைக் கல்லில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து விதைத்தார். பூத்தது மணக்காவிட்டால் கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிடுவார். தீயாய்ப் பூத்த செடிகள் குப்பையில் கிடப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அவர் அதற்குள் அடுத்த விதையைத் தேய்க்க உட்கார்ந்திருப்பார்.

மணக்கிறதா என்று யார் சொல்வது? ஊரில் பாதிப்பேர் மூக்கு அவர் மூக்கைப் போலத்தான். நான் அப்போது ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த புக்கிங் கிளார்க். வெளியூர் மூக்கு என்பதால் எனக்கு அந்த மோந்து சொல்லும் உத்தியோகம் கிடைத்தது. ஒரு வருஷம் போவதற்குள் மேஸ்திரி என்னை நீக்கிவிட்டார்.

"உங்களுதும் ஊர் மூக்கா ஆயிட்ச்சு சார். இனிமே நம்பறதுக்கில்ல."

பிரமோஷன் கைநழுவியபோதுகூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.

பிறகு பூந்தொட்டியோடு பிளாட்பாரத்துக்கே வர ஆரம்பித்தார். ஆம்பூர் நெருங்கினாலே ரயில் முழுக்கக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்த ஜனங்களிடம் ஜன்னல் ஜன்னலாகப் போய், கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் மோந்து பாருங்கள் என்று கெஞ்சுவார். திட்டினவர்கள் உண்டு, காலணா போட்டவர்களும் உண்டு. ஒருநாள் ஒருவர், ஆகா, என்ன வாசனை என்றார். மேஸ்திரி தொட்டியைக் கட்டிக்கொண்டு கண்கலங்கி நின்றார். பக்கத்திலிருந்த தோல் வியாபாரி சாயபு சங்கடத்தோடு, அது தம்முடைய அத்தர் என்றார். மேஸ்திரி அவருக்கு சலாம் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அந்தச் செடியையும் பிடுங்கினார்.

வருஷங்கள் ஓடின. கடைசியில் வெளிர்மஞ்சளில் ஒன்று பூத்தது. ஒரே ரயிலில் வெவ்வேறு பெட்டியிலிருந்த மூன்று பேர், சாயங்கால வண்டியில் இன்னும் இரண்டு பேர், மணக்கிறது என்றார்கள். மேஸ்திரி காவேரிப்பாக்கத்துக்கு ஆளனுப்பினார்.

அந்த அம்மாள் மறுநாள் சாயங்காலம் வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி இறங்கினார். மேஸ்திரி தொட்டியை நீட்டினார். கார்டு கொடியை ஆட்டவில்லை, போர்ட்டர்கள் நகரவில்லை. அம்மாள் முந்தானையை எடுத்துவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"இருக்குதுங்க. கொஞ்சமா இருக்குது," என்றார். பிறகு, "உங்களுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"எனக்கு ஏதும்மா மூக்கு? அது போயி எத்தினியோ வருஷமாச்சு. நீ சொன்னா சரி."

அந்த அம்மாளுக்கு அதுவரை இது தெரியாது. முந்தானை மறுபடி மூக்குக்குப் போகவில்லை, கண்ணுக்குத்தான் போனது.

"பொட்டி வண்டியிலயே கீது. எறக்கச் சொல்லுங்க," என்றார்.

மேஸ்திரியின் இரண்டு கையும் தொட்டியில் இருந்ததால் பெட்டியை நான்தான் இறக்கினேன். எவ்வளவோ பெரிய மனிதர்களின் பெட்டிகளை அந்தப் பிளாட்பாரத்தில் இறக்கியாகிவிட்டது. சந்தோஷமாகச் சுமந்தது அந்த ஒன்றைத்தான்.