எதிர்வீட்டுச் சுவர்: ஓர் ஒப்பீட்டு அறிக்கை

பதினெட்டாவது வரிசையில் நாற்பத்திரண்டாவது செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாடி ஜன்னலில் பல் டாக்டரின் தலை முளைத்தது. கொட்டேஷனுக்கு எரிச்சலாக வந்தது. மனிதனால் ஒரு சுவரைக்கூட நிம்மதியாகப் படம் எடுக்க முடியவில்லை.

கொஞ்சம் உள்ளே போகும்படி கையால் சைகை காட்டினார். தலை சட்டென்று மறைந்தது. பிறகு திரைச்சீலை ஓரத்தில் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. அதைப் பற்றிக் கொட்டேஷன் கவலைப்படவில்லை. கண் ஜன்னலுக்குள்தான் இருந்தது, செங்கல்லை மறைக்கவில்லை.

கொட்டேஷன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரு கம்பெனியின் பர்சேஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக, மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு குண்டூசிகூட வாங்காதவருக்கு உலகம் கொடுத்த பட்டம் அது. வீட்டிலும் அதே முறைதான். ஃப்ரிட்ஜ் வாங்க நான்கு மாதம் ஆய்வு நடந்தது. ஆய்வு முடிந்து ஃப்ரிட்ஜ் வந்தபோது கோடை முடிந்து மழை பெய்துகொண்டிருந்தது.

இப்போது கேமரா. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் குடும்பத்தோடு பத்து நாள் மலைப்பக்கம் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில். கடைக்காரர் வாய் தவறி, ஒரு வாரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்று சொல்லிவிட்டார். கொட்டேஷன் அதை டெண்டர் நிபந்தனையாக எடுத்துக்கொண்டு இரண்டு கேமராக்களோடு வீடு வந்து சேர்ந்தார். ஒன்று, சட்டைப் பையில் சோப்பு டப்பா மாதிரி அடங்கும் காம்பாக்ட். அதன் லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் எதிரே இருப்பதை அக்கம்பக்கத்தோடு அகலமாக அள்ளிக்கொள்ளும். இன்னொன்று ஆரம்பநிலை மிரர்லெஸ். அதில் லென்ஸைக் கழற்றலாம், மாட்டலாம், வேறு வாங்கலாம், ஆயுள் பூராவும் வாங்கிக்கொண்டே இருக்கலாம்.

மிரர்லெஸ் என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். உள்ளே கண்ணாடி கிடையாது என்று விளக்கினார்.

“இல்லாததைப் பேரா வெச்சு விக்கிறாங்களா? அப்படிப் பாத்தா உங்களுக்கு எத்தனை பேர் வெக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புத்தியுள்ளவன் இரண்டிலும் பெண்டாட்டியை ஒரு படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்திருப்பான். கொட்டேஷனும் அதைத்தான் முதலில் செய்தார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உன் இடது காது மங்கலாக இருக்கிறது என்றார். அத்தோடு அந்த மாடல் விலகிக்கொண்டது. நிபுணர்கள் செங்கல் சுவரைத்தான் எடுப்பார்கள் என்று இணையத்தில் படித்திருந்தார். சுவர் அசையாது, இன்னொன்று எடுங்கள் என்று கேட்காது, காது மங்கல் என்றால் கோபித்துக்கொள்ளாது. எதிர்வீட்டில் பல் டாக்டர் போன வருடம் மாடியில் எக்ஸ்ரே அறை கட்டியிருந்தார். அதன் சுவர் இன்னும் பூசப்படாமல் வெறும் செங்கல்லாக, கொட்டேஷன் வீட்டுப் பால்கனிக்கு நேரே நின்றது. கடவுளாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

திட்டம் ஏழு நாள். தினமும் காலை எட்டு மணி, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ட்ரைபாட். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி. பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதர் சுவரை வெறித்துப் பார்ப்பதும், கேமராவை மாற்றுவதும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ எழுதுவதும்தான் தெரியும்.

தலை முளைத்தது மூன்றாம் நாள். அன்று மாலை மனைவி கைப்பையைச் சோபாவில் வீசிய வீச்சிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது. அவள் வேலை பார்ப்பது அதே பல் டாக்டரிடம். கீழ்த்தள கிளினிக்கில் முன்மேசை அவளுடையது. அவளுடைய பத்து நாள் லீவு லெட்டர் இரண்டு நாளாக அவர் மேஜையில் இருக்கிறது. இன்று பேனாவை எடுத்தவர், மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, உன் வீட்டுக்காரர் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டிருக்கிறார். பர்சேஸ் என்றிருக்கிறாள். வெளியில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் இல்லையாம்மா என்று சிரித்திருக்கிறார். வாய் மட்டும்தான் சிரித்ததாம்.

“அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டாத்தான் ஞாயித்துக்கிழமை ரயில். தெரியுதில்ல? அந்தப் பீரங்கியை உள்ள வைங்க.”

“அது பீரங்கி இல்ல. கேமராவோடயே வந்த கிட் லென்ஸ்.”

“பாக்கறவங்களுக்குப் பீரங்கி. அவர் மடியில என்ன கனமோ, நமக்கெதுக்கு? ஒரு கையெழுத்துதான் வேணும்.”

அதில் நியாயம் இருப்பதாகக் கொட்டேஷனுக்கே பட்டது. காம்பாக்ட்டின் பெருமையே யார் கண்ணிலும் படாமல் எடுக்கலாம் என்பதுதானே. அட்டவணையில் ‘கண்ணில் படாமை’ என்று புதிதாக ஒரு வரிசை சேர்த்து, காம்பாக்ட்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டார். நான்காம் நாள் காலை பால்கனிக் கொடியில் இரண்டு போர்வைகளைக் காயப்போட்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன் வழியே கையை மட்டும் நீட்டினார்.

காம்பாக்ட்களுக்கு ஒரு குணம் உண்டு. கேட்காமலே ஃப்ளாஷ் அடிக்கும்.

மொட்டை மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர், இரண்டு போர்வைகளுக்கு நடுவே ஒரு கை, கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து பளிச்சென்று ஒரு வெட்டு, மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். நேற்று வரைக்கும் திறந்தவெளியில் எடுத்தவன் இன்று ஒளிந்து எடுக்கிறான் என்றால், மாடி அறை மீதான நகராட்சி வழக்கு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்றுதானே அர்த்தம். வாயில் நுரையோடு அவர் இறங்கி ஓடியதைக் கொட்டேஷன் பார்த்தார். பத்தை அடித்துவிட்டு நான்கு என்று போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை சுவரைக் காணோம். மேலிருந்து கீழ் வரை நீலத் தார்ப்பாய் தொங்கியது.

கொட்டேஷன் இடிந்துபோனார். லீவு லெட்டர் டிராயருக்குள் போய்விட்டது என்று மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதையும் தாங்கிக்கொண்டார். அட்டவணையில் மூன்று வரிசை காலியாகக் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். உண்மையைச் சொல்லி யாரும் கெட்டதில்லை என்று நம்புகிற வயதைத் தாண்டி ரொம்ப நாளாகியும், அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கிளினிக்கில் அவரைப் பார்த்ததும் மனைவி ரிஜிஸ்டரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். டாக்டரோ எழுந்து வந்து வரவேற்றார்.

“வாங்க சார். முதல்ல உக்காருங்க, ஒரு க்ளீனிங் பண்ணிடலாம். உங்களுக்கில்லாததா.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் ஒரு உறிஞ்சுகுழாயும் ஒரே நேரத்தில் நுழைந்தன.

“மேல் ரூம் விஷயமாத்தானே சார் பாக்கறீங்க?” டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆ.”

“மேலிடத்து உத்தரவா?”

“ஆ.”

“எவ்வளவு தள்ளி வந்திருக்குன்னு சொல்றாங்க?”

வாயை மூடிக்கொள்ள இரண்டு நிமிடம் தரும்படி கொட்டேஷன் இரண்டு விரலைக் காட்டினார். டாக்டர் கொக்கியை வைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ரெண்டு அடியா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாய் கொப்பளித்ததும் கொட்டேஷன் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கினார். அவருடைய விளக்கங்களில் உள்ள கோளாறே அந்தத் தெளிவுதான்.

“சின்னதுல பாத்தா உங்க சுவர் நடுவுல வெளிய பிதுங்குது டாக்டர். பெருசுல நேராத்தான் நிக்குது. ஆனா பெருசுல மூலையெல்லாம் திருப்தியா இல்ல. எதை ஏத்துக்கறதுன்னுதான் யோசனை.”

டாக்டர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “பெருசையே ஏத்துக்கலாமே சார்.”

“அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் ரெண்டு நாள் பாக்கணும். அந்தத் தார்ப்பாயை மட்டும் எடுத்துடுங்க, மறைச்சா எனக்கு ரொம்ப சிரமம்.”

பளிச்சென்ற பற்களோடு வீடு திரும்பினார். காரியம் முடிந்துவிட்டது என்று மனைவியிடம் அந்தப் பற்களைக் காட்டிச் சொன்னார். டாக்டர் மத்தியானம் பூரா ஜன்னலோரமாக நின்றதாகவும், இரண்டு நோயாளிகளுக்குத் தப்பான பக்கம் மரத்துப்போக ஊசி போட்டதாகவும் அவள் சொன்னாள். லெட்டர் அதே டிராயரில்தான் இருந்தது.

“வாயால சொன்னா உங்களுக்கு வராது. எழுதிக் குடுங்க. இது கேமரா சமாசாரம், வேற ஒண்ணுமில்லன்னு ரெண்டு வரி.”

அந்த வீட்டில் நடந்த தவறுகளிலேயே பெரிய தவறு அதுதான். கொட்டேஷனுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு விதம். வெள்ளிக்கிழமை பூரா உட்கார்ந்து தட்டச்சு செய்தார். மேலே கோப்பு எண். கீழே, ‘பொருள்: எதிர்வீட்டு மாடிச் சுவர், இரு உபகரணங்கள் வழி ஆய்வு.’ அப்புறம் அட்டவணை. ‘உபகரணம் 1: சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கல் உண்டு. உபகரணம் 2: பிதுங்கல் இல்லை, மூலைகள் திருப்திகரமாக இல்லை. ஐந்தாம் நாள் முதல் சுவர் மறைக்கப்பட்டது. பரிந்துரை: ஏழாம் நாளுக்குள் இரண்டில் ஒன்றை அகற்றிவிட வேண்டும்.’ அடியில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கோடுகள். முதல் இரண்டிலும் அவரே கையெழுத்திட்டார். மூன்றாவதை மரியாதைக்காக டாக்டருக்கு விட்டுவைத்தார். கேமரா என்ற சொல் இரண்டு பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட இல்லை. பர்சேஸ் பிரிவில் நாற்காலிக்கும் உபகரணம் என்றுதான் பெயர்.

சனிக்கிழமை காலை டாக்டர் அதை மூன்று முறை படித்தார். தார்ப்பாயைத் தன் கையாலேயே கிழித்து இறக்கினார். பிறகு நகராட்சிக்குப் போன் போட்டு, இந்தச் சித்திரவதைக்கு நீங்களே வந்து அளந்து தொலையுங்கள் என்று குரல் உடையச் சொன்னார்.

மத்தியானம் கட்டட ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் அந்தத் தெருவின் ப்ளான்கள் மொத்தமும் அடங்கிய சுருள். வந்ததும் விதியைச் சொல்லிவிட்டார். ப்ளானில் இல்லாத கட்டடம் என்று தெரிந்தால் சொந்தக்காரர் பத்து நாள் ஊரை விட்டு நகரக் கூடாது, அளக்கவும் இடிக்கவும் ஆள் வரும்போதெல்லாம் அங்கே நிற்க வேண்டும்.

முன்மேசையில் மனைவி ஒரு விநாடியில் கணக்குப் போட்டுவிட்டாள். டாக்டர் சுவரடியில் நின்றால் கிளினிக்கை அவள் பார்க்க வேண்டும். ரயில் அவளில்லாமல் போகும். மடியில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற கணவனை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவர் பார்க்காத பார்வை அது. அதை அவரால் எதோடும் ஒப்பிட முடியவில்லை.

ஆய்வாளர் மாடிக்கு ஏறினார், அளந்தார், இறங்கினார். எக்ஸ்ரே அறை ப்ளானில் உள்ளபடியே இருக்கிறது, சொல்லப்போனால் நான்கு விரல் உள்ளேதான் நிற்கிறது என்றார்.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பியது. டிராயரைத் திறந்து, லீவு லெட்டரை எடுத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டு, பத்து நாள் போதுமாம்மா, பதினைந்தாக எடுத்துக்கொள் என்றார். மனைவி லெட்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கணவனைப் பார்த்த பார்வைகூடக் கொஞ்சம் இளகியது.

ஆய்வாளருக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. நகராட்சிக்குத் தெரியாமல் நகராட்சி பாஷையில் அறிக்கை எழுதிய ஆள் யார் என்று கேட்டார். கொட்டேஷன் பெருமையோடு முன்னால் வந்தார். வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கேமராக்களையும் எடுத்துவந்து, சென்சாரில் ஆரம்பித்து மூலை மங்கல் வரைக்கும் கால்மணி நேரம் பேசினார். ஆய்வாளர் குறுக்கிடாமல் கேட்டார். கொட்டேஷன் வாழ்க்கையில் அப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதலில் மிரர்லெஸ் படங்களைப் பார்த்தார். அடுத்து காம்பாக்ட்டை வாங்கிக்கொண்டார். ஒரு படத்தைப் பெரிதாக்கினார். சுருளை மேஜையில் விரித்தார். படத்தைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இவ்வளவு சிரத்தையான ஆளை இத்தனை வருடத்தில் சந்தித்ததில்லை என்று கொட்டேஷனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

“நீங்களே சொல்லுங்க சார். எது நல்ல கேமரா?”

ஆய்வாளர் பையிலிருந்து ஒரு நோட்டீஸ் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“சந்தேகமில்லாம சின்னதுதான் சார், பெருசுல இவர் சுவர் மட்டும்தான் தெரியுது, சின்னதுல நீங்க நின்னு எடுத்த உங்க வீட்டுப் பால்கனியும் ஓரத்துல சேந்து விழுந்திருக்கு, அந்தப் பால்கனி எங்க ப்ளான்லயே இல்ல.”